பால் வேறுபாடும் பாடசாலை விளையாட்டும்



இல்ல மெய்வல்லுநர்ப் போட்டிக்குரிய காலம் வந்துவிட்டால், கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பாடசாலை முற்றங்களில் சுண்ணாம்புக் கோடுகள் தோன்றிவிடும். அக்கோடுகளில் எந்தப் பிள்ளை எந்தப் பிரிவில் நிற்பது என்பதைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்க்கிறோம். அதிலுள்ள திகதி வயதுப் பிரிவைச் சொல்கிறது. ஆண் அல்லது பெண் என்னும் ஒரு சொல் மற்றையதைச் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றியே இன்று உலகின் பல நாடுகளில் பெரியதொரு வாதம் நடைபெறுகின்றது. ஆணாகப் பதியப்பெற்று, தம்மைப் பெண்ணென உணர்ந்து, பெண்ணாக வாழும் மாணவி ஒருவர், அதாவது திருநங்கை ஒருவர், பெண்கள் பிரிவில் ஓடலாமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுமுன் ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். நம்மவர் பேச்சில் இருவகையினர் ஒன்றாகவே எண்ணப்படுகின்றனர். திருநங்கையர் ஒருவகை. பிறக்கும்போதே நிறமூர்த்தங்களும் ஓமோன்களும் உடலுறுப்புகளும் வழக்கமான முறையில் ஒன்றோடொன்று பொருந்தாது அமைந்தோர் இன்னொரு வகை. இவர்களை இடைப்பாலினர் என்பர். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, தம் உடலில் இத்தகையதொரு வேறுபாடு உண்டென்பதை ஒரு நாளும் அறியாது இருப்போரும் இரண்டாவது வகையினருள் உளர். தமிழுலகில் இதற்கு யாவரும் அறிந்த சான்று சாந்தி சௌந்தரராஜன்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி என்னும் சிற்றூரில், செங்கற்சூளையிற் கூலிவேலை செய்த பெற்றோருக்கு 1981இல் பிறந்தவர் அவர். வறுமையோடு போராடி ஓடக் கற்றவர். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய மெய்வல்லுநர்ப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2006 ஆகஸ்டில் நம் கொழும்பு மாநகரில் தெற்காசிய விளையாட்டு விழா நடந்தபோது இங்கும் வந்து ஓடினார். அவ்வாண்டு டிசெம்பர் 9ஆம் நாள் டோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரை 2 நிமிடம் 3.16 செக்கனில் ஓடி மீண்டும் வெள்ளி வென்றார். அதன் பின்னர் அவரைப் பாற்சோதனைக்கு உட்படுத்தினர். சோதனையில் தேறவில்லை என்றனர். பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய அந்தரங்கமான செய்தி, அவளுக்கு முறையான விளக்கம் கிட்டுமுன்னரே செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் பரவியது.

ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்னும் உடல்நிலை அவருக்கு இருந்ததாகக் கூறப்பட்டது. ஆணுக்குரிய நிறமூர்த்த அமைப்பு இருந்தும், ஆண்தன்மையைத் தரும் ஓமோன்களை உடல் முழுமையாகவோ ஓரளவோ ஏற்காதிருப்பதே அந்நிலை. அவர் திருநங்கை அல்லர். பெண் வேடம் பூண்டு எவரையும் ஏமாற்றியவரும் அல்லர். ஆயினும் ஊர் வாய் இந்த நுட்பங்களையெல்லாம் பார்ப்பதில்லை. அவர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதி அவருக்கு வாக்களித்த பதினைந்து இலட்சம் ரூபாய்ப் பரிசைத் தடுக்காது வழங்கினார் என்பதைக் குறிப்பிடல் வேண்டும். எனினும் பின்னர் அவர் செங்கற்சூளைக்கே கூலிவேலைக்குப் போக நேர்ந்தது. 2016இலேயே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்றுநர் பதவி கிடைத்தது.

பாற்சோதனையின் வரலாறே இத்தகைய இடறல்கள் நிறைந்தது. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நடக்க வேண்டியிருந்தது. அதன் இழிவு உணரப்பட்டபின், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து கன்னத்தின் உட்புறத்தில் வழித்தெடுத்த கலங்களைச் சோதித்தனர். 1985இல் ஸ்பானிய நாட்டுத் தடைதாண்டல் வீராங்கனை மரியா ஹொசே மார்த்தீனஸ் பத்தீனோ இச்சோதனையிற் சிக்கி யாவற்றையும் இழந்து, பின்னர் வாதாடி மீண்டார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் எண்மர் சோதனையில் அகப்பட்டனர். எண்மருமே பின்னர் ஓட அனுமதிக்கப்பட்டனர். 1999இல் சர்வதேச ஒலிம்பிக் குழு, எல்லோரையும் சோதிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அதன் பின்னும் ஐயுறவு எழுந்தவரை மட்டும் சோதிக்கலாம் என்னும் வாயில் திறந்தே இருந்தது. சாந்தி அந்த வாயிலிலேதான் அகப்பட்டார். 2014இல் ஒடிசாவின் தூத்தி சந்தும் அவ்வாறே விலக்கப்பட்டார். ஆனால் அவர் சுவிற்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்று, 2015இல் அவ்விதியையே இடைநிறுத்தச் செய்தார். வாதாடத் துணை கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் உள்ள வேறுபாடு இது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். பெண்களுக்கெனத் தனிப்பிரிவு எதற்காக ஏற்பட்டது? 2012இல் கென்யாவின் டேவிட் ருடிஷா 800 மீற்றரை 1 நிமிடம் 40.91 செக்கனில் ஓடினார். பெண்களுள் மிக விரைந்தவர்களில் ஒருவரான செக்கோஸ்லோவாக்கிய வீராங்கனை கிராட்டொச்விலோவா 1983இல் ஓடியது 1 நிமிடம் 53.28 செக்கன். நூற்றுக்குப் பன்னிரண்டு அளவான இந்த இடைவெளி பயிற்சியினால் மட்டும் நிரப்பக் கூடியதன்று. பூப்பெய்தும் பருவத்தில் ஆண் உடலிற் பெருகும் டெஸ்டொஸ்டெரோன் என்னும் ஓமோனே உயரத்தையும் எலும்பின் பருமனையும் தசையையும் கூட்டுகிறது. அப்பருவத்துக்கு முன்னர் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஓட்டத்தில் வேறுபாடு மிகச் சிறிது; பத்து வயதுப் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளை முந்துவதை எந்தப் பாடசாலை மைதானத்திலும் காணலாம். பருவம் கடந்தபின் மருந்தினால் அந்த ஓமோனைக் குறைத்தால், குருதியின் ஈமோகுளோபின் சில மாதங்களிலேயே குறைகின்றது. தசைவலிமையோ மெதுவாக, அதுவும் சிறிதளவே குறைகின்றது. வளர்ந்த உயரம் குறைவதே இல்லை. ஆகவே பெண்கள் தம் பிரிவைக் காக்க வேண்டுமென்று கேட்பதை வெறும் பகைமை என்று ஒதுக்கிவிட முடியாது.

உலக மெய்வல்லுநர் சங்கம் 2023 மார்ச்சில், ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கையர் சர்வதேசப் பெண்கள் போட்டிகளிற் பங்குபற்ற முடியாது என விதித்தது. 2025 செப்டெம்பரிலிருந்து ஒரு மரபணுச் சோதனையையும் கட்டாயமாக்கியது. முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை உடையோருக்கு அதில் விலக்கு உண்டு. அமெரிக்காவில் வாதம் பாடசாலைக்குள்ளேயே புகுந்தது. 2020இல் ஐடஹோ மாநிலம் முதன்முதலாகச் சட்டமியற்ற, மேலும் பல மாநிலங்கள் தொடர்ந்தன. அயலிலுள்ள கேரளம் வேறு வழியிற் சென்றது. திருநங்கை ஒருவர் மாவட்ட ஜூடோப் போட்டியிற் சேர விரும்பியபோது, தனிப்பிரிவு இல்லையெனில் அவர் தெரிந்தெடுத்த பெண்கள் பிரிவில் அவரை ஏற்க வேண்டுமென்று 2022இல் அம்மாநில உயர் நீதிமன்றம் கூறிற்று.

இவ்விடத்தில் நம் பழைய இலக்கணம் நினைவுக்கு வருகின்றது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, பால் திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கென ஈறு இல்லை என்று கூறி, அவர்களை உயர்திணையிலேயே வைத்து, அத்திணைக்குரிய ஈறுகளைக் கொண்டே பேசுமாறு விதித்தார். இலக்கணத்துக்கு அது இயன்றது. ஓட்டப் பந்தயத்தில் இருப்பவையோ இரண்டே பட்டியல்கள்.

என் கருத்தை மறைக்காது சொல்கின்றேன். இல்லப் போட்டியும் பாடசாலைப் போட்டியும் பிள்ளைகள் ஓடி மகிழ்வதற்கானவை. அங்கே எந்தப் பிள்ளையையும் வாயிலில் நிறுத்தல் ஆகாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிரிவில் தடைக்கு உடலியல் நியாயமே கிடையாது. ஆயின் பதினெட்டு, இருபது வயதுப் பிரிவுகள் மாகாண மட்டத்தையும் அகில இலங்கை மட்டத்தையும் எட்டும்போது நிலை மாறுகின்றது. இறுதி ஓட்டத்தில் எட்டு இடங்களே உண்டு. அங்கே பெறும் சான்றிதழ் பல்கலைக்கழக விசேட அனுமதிக்கும் உதவக்கூடியது. ஏழை வீட்டுப் பெண்ணொருத்திக்கு அது வாழ்வின் திருப்பம். அம்மட்டத்தில் ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்தவருக்கு வேறொரு பிரிவை, வேண்டுமாயின் யாவர்க்கும் பொதுவான ஒரு பிரிவை, அமைப்பதே நீதியென எனக்குத் தோன்றுகின்றது. அவ்விதியும் கல்வி அமைச்சு எழுத்தில், முன்கூட்டியே அறிவிக்கும் விதியாக இருத்தல் வேண்டும். தோற்ற பிள்ளையின் தகப்பனார் முறையிட்டார் என்பதற்காக, வென்ற பிள்ளையைத் தனியறைக்கு அழைத்து விசாரிப்பதை எக்காரணங்கொண்டும் அனுமதிக்க முடியாது. குரல் தடித்த பெண்பிள்ளையும் மீசை அரும்பிய பெண்பிள்ளையுமே அதற்கு முதற்பலியாவர்.

நம் நாட்டில் இது தொலைதூரக் கதையன்று. 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மருத்துவர் வழங்கும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம். ஆகவே என்றேனும் ஒரு நாள், திருத்திய பத்திரத்தோடு ஒரு மாணவி உடற்கல்வி ஆசிரியரின் மேசைக்கு வருவார். அவர் எங்கே உடை மாற்றுவார், இடாப்பில் எப்பெயரால் அழைக்கப்படுவார், அவருடைய பத்திரத்தைப் பார்க்கும் உரிமை யார் யாருக்கு உண்டு என்பவற்றை அதிபரும் அந்த ஆசிரியரும் இப்பொழுதே பேசி முடிவு செய்து வைத்திருத்தல் நன்று. பத்திரம் அதிபரின் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். போட்டி விண்ணப்பத்தோடு அதன் பிரதி ஊர் சுற்ற வேண்டியதில்லை.