தலைமையாசிரியர் வகுப்பறைக்குள் வரட்டும்

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முடிவுகள் வெளியானதும், மாவட்டவாரியான தேர்ச்சிச் சதவிகிதங்களைப் பத்திரிகைகள் பட்டியலிட, முன்னேறிய அரசுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்குப் பாராட்டும், பின்தங்கியவற்றின் தலைமையாசிரியர்களுக்கு விளக்கம் கோரும் கடிதமும் செல்வது தமிழ்நாட்டில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். அந்தக் குழந்தைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எந்த நிலையில் இருந்தார்கள், இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அவர்களுக்கு யார், எவ்விதம் கற்பித்தார்கள் என்று பாராட்டும் விசாரிப்பதில்லை, கடிதமும் விசாரிப்பதில்லை. அந்த விசாரணையே தலைமையாசிரியரின் முதற்கடமை என்பதும், அதைச் செய்ய அவர் தம் அறையிலிருந்து எழுந்து வகுப்பறைக்குள் செல்ல வேண்டும் என்பதும் என் துணிபு.

கூலி வேலைக்குப் போகும் தாய் தந்தையரின் பிள்ளைகளுக்குப் பள்ளியால் என்ன செய்துவிட முடியும் என்ற அவநம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கையும், கல்விப் பேற்றை நிர்ணயிப்பதில் பள்ளியைவிடக் குடும்பச் சூழ்நிலைக்கே அதிகப் பங்கு என்று கூறி, அந்த எண்ணத்துக்கு வலுவூட்டியது. ஆனால் லண்டன் மாநகரின் 12 உயர்நிலைப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, மைக்கேல் ரட்டரும் அவருடைய சகாக்களும் 1979இல் வெளியிட்ட நூல், ஏறத்தாழ ஒரே தரத்துப் பிள்ளைகளைப் பெற்ற பள்ளிகளுக்கிடையிலும் வருகையிலும் நடத்தையிலும் பரீட்சைப் பேற்றிலும் பெரும் வேற்றுமை உண்டென்றும், அவ்வேற்றுமைக்குக் காரணம் கட்டடத்தின் பழமையோ பள்ளியின் பருமனோ அன்று, உள்ளே நடக்கும் பணியின் முறையே என்றும் நிறுவியது. நம் அரசுப் பள்ளிகளுக்கு இதைவிட ஆறுதலான ஆராய்ச்சி முடிவு வேறில்லை.

அந்தப் பணியின் முறையைத் தலைமையாசிரியர் எவ்வழியில் மாற்ற முடியும் என்ற வினாவுக்கு, நியூஸிலாந்தின் விவியன் ராபின்சன் மற்றும் இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு திட்டவட்டமான விடை தருகிறது. பள்ளித் தலைமையின் செயல்களை ஐந்தாக வகுத்து, மாணாக்கரின் கற்றல் மீது ஒவ்வொன்றுக்கும் உள்ள விளைவை அவர்கள் அளந்தபோது, ஒழுங்கான சூழலைப் பேணுவதற்கு 0.27 என்ற அளவே கிடைத்தது. ஆசிரியர்களின் கற்றலைத் தலைவரே முன்னின்று ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்பதற்கோ 0.84 கிடைத்தது. ஒழுங்கு வேண்டியதே; எனினும் மணியடித்து வாயிற்கதவைச் சாத்துவதோடு தலைமை முடிந்துவிடுவதில்லை.

நம் நடைமுறை வேறு திசையில் செல்கிறது. மிகத் தேர்ந்த ஆசிரியரைப் பத்தாம் வகுப்புக்கு ஒதுக்கி, மாலைச் சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு, மெல்லக் கற்போருக்கான சுருக்கக் கையேடு என்று ஆண்டு முழுவதையும் 35 மதிப்பெண்ணுக்காகச் செலவிடுகிறோம்; ஆறாம் வகுப்போ எவர் எஞ்சினாரோ அவர் கைக்குப் போகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தை அங்கே அறிவியல் பாடத்தைக் கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதியே காலந்தள்ளி, எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த நல்ல நெறியின் பாதுகாப்பிலேயே, கல்லாமலே ஒன்பதாம் வகுப்பை அடைந்துவிடுகிறது. அப்போது அதன் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுமாறு நயமாகச் சொல்லும் வழக்கமும் சிலவிடங்களில் உண்டு. தேர்ச்சிச் சதவிகிதத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்தே விலக்குவது அநியாயம்; அவ்விதம் பெற்ற நூறு சதவிகிதத்தைப் பாராட்டுவோரும் அந்த அநியாயத்தில் பங்காளிகளே.

ஆகவே ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த முதல் வாரங்களிலேயே, ஆறாம் வகுப்புக் குழந்தைகள் ஒவ்வொருவரையும் அருகில் உட்காரவைத்து ஒரு பத்தி தமிழும் சில வரி ஆங்கிலமும் படிக்கச் சொல்லிக் கேட்டு, கழித்தலும் வகுத்தலும் செய்யச் சொல்லிப் பார்த்து, யாருக்கு எது வராது என்பதைத் தலைமையாசிரியர் தம் கையாலேயே குறித்துக்கொள்வாராக. பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியரின் பாடவேளைகளில் ஒரு பகுதியேனும் அக்குழந்தைகளுக்கு உரியதாகட்டும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலை மாத்திரம் பார்த்துக் கையொப்பமிடாமல், கணித ஆசிரியர்களோடு விடைத்தாள்களை விரித்து வைத்துக்கொண்டு, எந்த வினாவில் எத்தனை பேர், எந்தப் படியில் தவறினார்கள் என்று ஆராய்ந்தால், மறு வாரம் எதை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பது அவர்களுக்கே புலப்படும். வகுப்பில் போய் அமர்வதும் குற்றங்காண்பதற்காக அன்று. ஆசிரியர் கேட்ட கேள்விகளுக்கு முன்வரிசை மட்டும் பதில் சொன்னதா, கடைசி பெஞ்சும் பேசியதா என்று கவனித்து, பின்பு தனிமையில் சக ஆசிரியராகக் கலந்துரையாடுவதற்காகவே. வாரத்தில் சில பாடவேளை தாமும் கற்பிக்கிற தலைமையாசிரியரின் சொல்லுக்கு ஆசிரியர் அறையில் தனி மதிப்பு உண்டு.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று தலைமையாசிரியர்கள் கேட்பது நியாயமே. சம்பளப் பட்டியல், உதவித்தொகை, மிதிவண்டி விநியோகம், எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையத்தளப் பதிவு, முதன்மைக் கல்வி அலுவலகக் கூட்டம் என்று பகற்பொழுது கரைந்துவிடுகிறது. தலைமையாசிரியர் பணியிடம் காலியானால், மூத்த ஆசிரியர் ஒருவர் தம் பாடங்களோடு அப்பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கிறார். எழுத்தர் பணியை எழுத்தரிடம் விடுவதும், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே காலியிடங்களை நிரப்புவதும் அரசாங்கத்தின் கடமை. அதுவரை, நாளின் முதல் இரண்டு பாடவேளைகளில் கோப்புகளைத் தொடுவதில்லை என்ற நியமத்தையாவது தலைமையாசிரியர்கள் ஏற்கலாம்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறையை நடத்தியபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராமத்து மக்கள் தங்கள் பள்ளிகளுக்கு வேண்டிய பொருள்களை மனமுவந்து வழங்கினார்கள். இன்று பள்ளி மேலாண்மைக் குழு என்ற சட்டபூர்வமான ஸ்தாபனமே நம் கையில் இருக்கிறது. 2022இல் அது மாநிலமெங்கும் புதிதாக அமைக்கப்பட்டு, பெற்றோரே தலைமை வகிக்கிறார்கள். அக்குழுவில் அமர்ந்திருக்கும் தாய்மாரே, அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவரையும் குடிநீர்க் குழாயையும் பற்றிப் பேசி முடித்த பின்பு, ஆறாம் வகுப்பில் தடையின்றிப் படிக்கத் தெரியாத குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுக்கு இந்த மாதம் என்ன செய்யப்பட்டது என்று தலைமையாசிரியரிடம் மரியாதையோடு கேளுங்கள். மறு மாதமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.