அடைப்புக்குறிக்குள் போன அழகி

பாயான் லெப்பாஸில் வண்ணத்துப்பூச்சியா? பினாங்குக்காரர்களே நம்ப மாட்டார்கள். விமான நிலையம், சிப் தொழிற்சாலைகள், பாம்புக் கோயில், இவைதானே இந்த ஊர்! வண்ணத்துப்பூச்சி பார்க்க எல்லோரும் தெலுக் பஹாங் போவார்கள். 1986இல் தொடங்கிய பண்ணை, இப்போது என்டோபியா. ஆனால் இன்று நான் உங்களைக் கூட்டிப்போவது நுழைவுச்சீட்டே இல்லாத இடத்துக்கு. தாமானில் ஒரு வரிசை வீடு, அதன் பின்கட்டு!

"பார்த்து வாம்மா, கீழே புழு இருக்கும்!" இதுதான் வரவேற்பு. வீட்டுக்கார அங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சமையல்கட்டை ஒட்டிய கூரைக்கடியில், கொசுவலை கட்டிய பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தரையெங்கும் மிளகுமணி போலப் புழுவின் எச்சம். மின்விசிறி கிடையாது, சுற்றினால் இலை வாடிவிடுமாம். உள்ளே நுழைந்ததுமே முதுகு நனைந்துவிடுகிறது.

ஒரு பச்சைப் புழுவை லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கவைக்கொம்பு வெளியே பாய்ந்தது! கூடவே மூக்கைத் துளைக்கும் வாடை. ஆண்ட்டி அடுக்களையிலிருந்து குரல் கொடுக்கிறார்: "கறிவேப்பிலை எனக்கு நாலு இணுக்குக்கூட மிஞ்ச மாட்டேங்குது. எல்லாம் இவரு பிள்ளைங்களுக்குத்தான்!"

இந்தக் கறிவேப்பிலைப் புழுதான் இன்றைய விருந்தின் பாதி. வளர்ந்தால் கறிவேப்பிலை அழகி, அறிவியல் பெயர் பாப்பிலியோ பொலைட்டிஸ். மறுபாதி பக்கத்து டப்பாவில். உடலெங்கும் சதைமுள், நடுவில் வெள்ளைப் பட்டை, கருத்த புழு. இது ஈஸ்வரமூலி இனத்துக் கொடியைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. இதன் பெயர் ரோஜா அழகி, அறிவியலில் பாக்லியோப்டா அரிஸ்டோலோக்கியே. கொடியின் நஞ்சு புழுவின் உடம்பில் தங்கி, பறக்கும் வயதிலும் காக்கும். தின்ற பறவை மறுபடி கிட்டே வராது.

இனி வேடிக்கை. அங்கள் ஒரு மரப்பெட்டியைத் திறக்கிறார். அந்துருண்டை வாசம் அடிக்கிறது. தானாக இறந்தவற்றை மட்டும் ஈரத்துணி டப்பாவில் ஓர் இரவு வைத்து இளக்கி, சிறகு விரித்து, ஊசி குத்தி வைத்திருக்கிறார். இரண்டு பூச்சிகள். இரண்டிலும் கறுப்புச் சிறகு, வெள்ளைத் திட்டு, சிவப்புப் பொட்டு. "எது எது, சொல்லு!" கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, ரோஜா அழகியைப் போலவே வேஷம் கட்டிக்கொள்கிறது. நஞ்சு கிடையாது, உடுப்பு மட்டும்தான் இரவல்! உடம்பைப் பார்த்ததும் பிடிபட்டது. ரோஜா அழகிக்கு உடம்பும் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு.

என்னை உட்காரவைத்தது அதைவிடச் சின்ன விஷயம். ஊசிக்குக் கீழே நகத்தளவு காகிதத் துண்டுகள், பேனா எழுத்து. ஒன்றில் "லின்னேயஸ், 1758". மற்றதில் "(ஃபாப்ரீசியஸ், 1775)". அடைப்புக்குறி எதற்கு? அங்கள் வாயெடுத்தபோது கூரைமேல் விமானம் ஒன்று இறங்கியது. மூவரும் வாய்மூடிக் காத்திருந்தோம். ஆண்ட்டிக்குச் சிரிப்பு. சத்தம் அடங்கியதும் விளக்கம் வந்தது.

இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் தமக்குத் தெரிந்த வண்ணத்துப்பூச்சிகள் அத்தனையையும் பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். மார்பில் சிவப்புப் புள்ளி இருந்த கறுப்புப் பூச்சிகளுக்கு ட்ராய் வீரர்களின் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தார். அவருடைய மாணவர் ஃபாப்ரீசியஸும் ரோஜா அழகியைப் பாப்பிலியோ என்றே எழுதினார். பின்னால் வந்தவர்கள் சிறகு நரம்பு, புழு, கூட்டுப்புழு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பிரிக்கத் தொடங்கினார்கள். 1865இல் ரீகர்ட் பாக்லியோப்டா என்ற பேரினத்தை அமைத்தார். ஓர் இனம் முதலில் வைத்த பேரினத்தைவிட்டு மாறிவிட்டால், பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும், அதுதான் விதி. கறிவேப்பிலை அழகி இன்றும் பாப்பிலியோதான், அதனால் குறி இல்லை. உடுப்பில் ஏமாற்றியவளை இரண்டு வளைகோடுகள் இல்லாததே காட்டிக்கொடுத்துவிட்டது!

அதற்குப்பின் விடுவேனா? எண்ணெய்க் கறை படிந்த கார்பெட், பெண்டில்பரி நூலை மடியில் வைத்துக்கொண்டேன். 1934இல் முதலில் வெளிவந்த, மலாயா வண்ணத்துப்பூச்சிகளின் பெரும் நூல். மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி ராஜா புரூக்? அடைப்புக்குறி உண்டு. வாலஸ் 1855இல் ஆர்னித்தாப்டெரா என்று வைத்ததை 1890இல் ரிப்பன் ட்ரோகோனாப்டெராவுக்கு மாற்றினார். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவன்? அதற்கும் உண்டு, ஃபாப்ரீசியஸ், 1787!

கிளம்பும்போது ஒரு கூட்டுப்புழு வெடித்தது. கசங்கிய ஈரச் சிறகோடு ஒன்று ஊர்ந்து வெளியே வந்து தொங்கியது. எண்பது வயது அண்டை வீட்டுச் சீனப் பாட்டியை ஆண்ட்டி வேலிக்கு மேலாகக் கூப்பிட்டார். பாட்டி கைதட்டினார்.

உங்கள் வீட்டுக் கறிவேப்பிலை இலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். அது பாப்பிலியோவின் குஞ்சுப் புழுவாக இருக்கலாம். நாலு இணுக்கை அதற்கு விட்டுக்கொடுங்கள்.