ஸ்டீல் கித்தாரின் கால்மிதி

மின்சார ஸ்டீல் கித்தாரில் மீட்டிய நாதம் விரைவில் தேய்ந்தொழியும். கோட்டு வாத்தியத்திற்குத் துணைத் தந்திகள் உண்டு. இதற்கோ கால்மிதியே துணை. பாதி அழுத்தி மீட்டி, ஒலி தேயத் தேயப் பாதத்தை மெல்லத் தாழ்த்தின், ஸ்வரம் பாடுவோன் மூச்சென நீளும்.

அம்பத்தூரில் எம்மிடமுள்ள பழைய மிதி ஒருநாள் கரகரத்தது. புதிது வாங்குக என்றனர்; மனம் ஒப்பவில்லை. திறந்து நோக்கினோம். பலகை அசைய, கயிறொன்று 5 லட்சம் ஓம் தடைமாற்றியின் அச்சைச் சுழற்றுகிறது. அதன் கரித்தடத்தில் அழுக்கேறியிருந்தது. மின்தொடர்பு துடைக்கும் திரவத்தை இரு துளி விட்டு அச்சைப் பன்முறை திருப்பவே, ஓசை அடங்கிற்று. தடமே தேய்ந்திருப்பின் தடைமாற்றியை மட்டும் மாற்றலாம். கயிறு அறுந்தால் தூண்டில் நரம்பு போதும்.

தாளத்திற்கெல்லாம் மிதியை உதைக்கும் மாணவர், சின்னாள் மிதியின்றியே வாசித்துப் பழகுவாராக.