இரு நெல்லினங்களின் கலப்பு

நெல் என்றவுடன் நம் வயல்களில் விளையும் நெல்லே நம் நினைவிற்கு வரும். ஆயினும் மக்கள் பயிரிடும் நெல்லினங்கள் உலகில் இரண்டு உண்டென்பதைப் பலர் அறியார். ஒன்று ஆசிய நெல். மற்றொன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் நதிப் பிரதேசத்தில் ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன் வயலுக்கு வந்த ஆப்பிரிக்க நெல். ஆசிய நெல் மிகுந்த மணி தரும். ஆனால் அந்நாட்டு மேட்டுநிலங்களில் களைக்கு எளிதில் தோற்கும். ஆப்பிரிக்க நெல்லோ தன் இலைகளால் நிலத்தை மூடிக் களையை அடக்கும். ஆனால் அதன் தாள் சாயும், மணி முற்றியவுடன் உதிரும். அங்கே களை பறிப்போர் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமே. ஆதலின் இவ்விரண்டின் நற்குணங்களையும் ஒரே பயிரில் சேர்த்தல் கூடுமா என்பது, அவர்தம் உணவையும் உழைப்பையும் பற்றிய வினாவாயிற்று.

இதற்குத் தடைகள் மூன்று. நெற்பூ ஒன்றிலேயே ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் அமைந்திருத்தலின், அது தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் என்பது முதல் தடை. எனவே, தாயாகத் தேர்ந்த பூ மலருமுன் உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் சாமணத்தால் நீக்குவர். ஒன்று தப்பினும் முயற்சி பழுதாகும். பின்னர்க் கதிரைக் காகித உறையால் மூடி வைத்து, மற்ற இனம் மலரும் முற்பகல் வேளையில் அதன் மகரந்தத்தை இதன்மேல் உதிர்ப்பர்.

சூல் உண்டாயினும், கருவுக்கு உணவூட்டும் திசு செவ்வனே வளராமையால் கரு விதைக்குள்ளேயே பட்டினியால் மடிதல் இரண்டாம் தடை. இதற்குப் பரிகாரம் காட்டியவர் லைபாக் என்னும் ஜெர்மானியத் தாவர நூலார். அவர் 1925-இல், ஆளிச் செடியின் இரு இனங்களைக் கலந்து, மடியவிருந்த கருக்களை விதையினின்று பிரித்தெடுத்துச் சர்க்கரை நீரூட்டி வளர்த்தார். இன்று நெல்லிலும், இரு வாரம் நிரம்புமுன் இளங்கருவை எடுத்து, கிருமி நீங்கிய குழாயில், உப்புக்களும் சர்க்கரையும் சேர்த்த அகர்க் கூழின்மேல் இட்டு முளைக்கச் செய்கின்றனர். தாய் ஊட்டாத பாலைச் செவிலி ஊட்டுவது போன்றதே இது.

மூன்றாம் தடை மலடு. இவ்விரு நெல்லிற்கும் குரோமோஸோம்கள் 24 எனினும், கலப்புச் செடியின் மகரந்தம் பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. ஆனால் அதன் சூலில் சில உயிர்ப்புடன் இருத்தலின், அதனை ஆசிய நெல்லோடு மீண்டும் மீண்டும் கலந்தால் விளைதிறன் படிப்படியாகத் திரும்புகிறது. அதன்பின் மகரந்தப்பைகளைக் கூழில் வளர்த்தால், 12 குரோமோஸோம்களே உடைய மகரந்தத்தினின்று செடி எழும். அவ்வெண்ணிக்கை இரட்டித்தவுடன் மாறாக் குணமுள்ள செடி கிடைக்கும். பல தலைமுறை காத்திருத்தல் இதனால் மிச்சமாகும்.

1990-களில் ஐவரி கோஸ்ட் நாட்டின் புவாகே நகர்ப்புறத்தில், சியேரா லியோன் தேசத்தவரான மான்டி ஜோன்ஸும் அவர்தம் கூட்டத்தாரும் இம்முறைகளால் கண்ட நெல்வகைகளே ‘நெரிக்கா’ எனப்படுவன. 2004-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது.

ஆயினும், ஆப்பிரிக்க நெல்லின் களையடக்கும் ஆற்றல் இவற்றிற்கு முற்றும் வாய்த்திலது. ஒரு குணத்தை வேண்டிக் கலக்கும்போது மற்றொன்று நழுவுதல் இயல்பே. அதனாலன்றோ, அவ்வாராய்ச்சியாளர் பல வகைகளைக் குடியானவர் முன் பயிராக்கி, ஆண்களும் பெண்களும் தாமே பார்த்துத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். பூட்டிய கதவைச் சோதனைச்சாலை திறக்கலாம். உள்ளிருப்பதில் வேண்டுவதைத் தெரிந்துகொள்பவர் வயலில் நிற்பவரே. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை மறவாதிருத்தல் நலம்.