பேரை அப்புறம் மாத்திக்கலாமுங்க!

“சிங்கிள் ஓனர் வண்டிங்க, ஒரு டாக்டர் வெச்சிருந்ததுங்க. அட்வான்ஸைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க, பேரை அப்புறம் மாத்திக்கலாமுங்க.”

அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் பழைய கார் வாங்கப் போகிற பலருக்கும் இந்தப் பேச்சு பழக்கம்தான். இதில் முதல் பாதி பொய்யானால் சில ஆயிரங்களோ, மிஞ்சினால் ஒரு லட்சமோ போகும். இரண்டாம் பாதியை நம்பினால் வாங்கியவர், விற்றவர் இருவரின் நிம்மதியும் போகும்.

முதலில் வண்டியைப் பார்த்துவிடலாம். கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு, இளவயதில் ஆசைப்பட்டு வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி பூட்டிப் பார்த்தவர். இன்று விற்பனைக்கு நிற்கும் காரை யாரும் அப்படிக் கழற்ற விடமாட்டார்கள். ஆனால் விவரமான மெக்கானிக் கழற்றாமலே பலதைச் சொல்லிவிடுவார்.

பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், ஆள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; குளிர்ந்த இன்ஜின் காலையில் படுத்தும் பாடு அப்போது தெரியாது. சைலன்சரில் நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால், டிங்கரிங் நடந்ததா என்று துருவுவார். டயரின் வயதைச் சொல்ல அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. ‘இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது’ என்று மீட்டர் காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், கம்பெனி சர்வீஸ் பதிவேட்டைக் கேட்டே ஆக வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி தனி ஆபத்து. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. பழுது பார்த்துக் கட்டுப்படியாகாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி மொத்த இழப்பாகப் பணம் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். அது துடைக்கப்பட்டு வேறோர் ஊர்ச் சந்தையில் பளபளவென்று நிற்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் உள்ளே சேற்றுக்கறை தெரியலாம். ஸ்டெப்னி குழியில் துரு இருக்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் பேர் மாறாதவரை வியாபாரம் முடியவில்லை.

ஹரியானா பதிவெண் கொண்ட ஒரு காரின் வழக்கு இதற்குச் சாட்சி. உரிமையாளர் அதை 2007-ல் விற்றார். பேர் மாறாமலே வண்டி அடுத்தடுத்துப் பலரிடம் கைமாறியது. 2009 மே மாதம் ரிவர்ஸ் எடுக்கும்போது மோதியதில் ஓர் உயிர் போனது. இழப்பீட்டைப் பின்னால் வண்டியை வாங்கிய ஒருவர் தரவேண்டும் என்றது உயர் நீதிமன்றம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: சட்டப்படி யார் பேரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவரே பொறுப்பு. விற்றுப் பணம் வாங்கி, வண்டியை மறந்தே போன மனிதரின் தலையில் அந்தச் சுமை விழுந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டும் இதற்கானவை. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பேர் இருந்தால், அவர்களிடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி அதை நீக்கியாக வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் புதியவர் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது.

2023 ஏப்ரல் முதல் புதிய விதி ஒன்றும் இருக்கிறது. அனுமதி பெற்ற பழைய கார் டீலரிடம் வண்டியை ஒப்படைத்து, அதை அரசின் இணையப் போர்ட்டலில் தெரிவித்துவிட்டால், அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். டீலரிடம் அந்த அனுமதிச் சான்றிதழை விற்பவர் கேட்டுப் பார்க்கலாம்.

எனவே முழுப்பணம் கைமாறும் அன்றே விற்பவரையும் வாங்குபவரையும் உட்காரவைத்துப் படிவங்களில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வண்டியை ஒப்படைத்த தேதியும் மணியும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால், அன்று மாலையே வேகக் கேமராவில் சிக்கினாலும் ஓட்டியது யார் என்ற தகராறு வராது.

(தொடரும்)