இரண்டு நாள் மூணாறு

தம்பதிகள் தேனிலவுக்கு வந்து போகும் மலை நகரம், தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர்களின் ஊர்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக வந்தாலும் சரி, போடிமெட்டு ஏறி வந்தாலும் சரி, மூணாறு வரும் புதுமணத் தம்பதிகளின் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் மாட்டுப்பட்டி அணை, குண்டளை ஏரி, டாப் ஸ்டேஷன். மறுநாள் ராஜமலையில் வரையாடு. நடுவே தேயிலைத் தோட்டத்தில் ஒரு புகைப்படம். பிறகு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் படத்தில் பின்னால் விரியும் பச்சைக் கம்பளம் தானாக வளர்ந்ததல்ல. தேயிலை உண்மையில் ஒரு மரம். விட்டுவிட்டால் ஆள் உயரம் தாண்டி வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பவை கவாத்துக் கத்தியும் கொழுந்து பறிக்கும் கைகளும். அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்ப் பெண்களுடையவை.

பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து 1877இல் ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காடு திருத்தவும் கொழுந்து பறிக்கவும் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தார்கள். 1956இல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளம் கேரளத்தோடு சேர்ந்தது. லயங்களில் பேச்சு மட்டும் தமிழாகவே இருந்துவிட்டது.

லயம் என்பது ஒரே வரிசையாகக் கட்டிய எஸ்டேட் குடியிருப்பு. ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஓர் அறை, ஓர் அடுக்களை. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்ற பிறகு குடும்பத்தில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். மூன்று, நான்கு தலைமுறை உழைத்த மண்ணில் சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவர்கள் ஏராளம். பூர்வீக ஊரிலும் பலருக்கு எதுவும் மிச்சமில்லை.

2005இல் நிர்வாகம் புதிய கம்பெனிக்கு மாறியபோது தொழிலாளர்களும் பங்குதாரர்களானார்கள். ஆனால் பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், போனஸ் குறைப்பை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு சாலையில் அமர்ந்தார்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் கிட்டே சேர்க்கவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கித் தந்தது. வீட்டுக் கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்பதை 2020 ஆகஸ்ட் 6 இரவு காட்டியது. பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. தூக்கத்திலிருந்த 70 பேர் பலியானார்கள். நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. வரையாடு பார்க்கத் தம்பதிகள் வரிசையில் நிற்கும் ராஜமலையிலிருந்து பெட்டிமுடி சில கிலோமீட்டர்தான்.

இரண்டு நாளில் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? கொழுந்து எடை போடும் இடத்தில் ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்தினால் போதும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.