தார்ப்பாய்க்குள் ஒரு சீமைக் கார்! போலீஸார் உள்ளே வந்து பார்க்கலாமா?

பனமலையில் ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு வெளிநாட்டுக் கார் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் தாளகிரீசுவரருக்குக் கோயில் எடுத்த அந்தக் குன்றின் மேல் நின்று பார்த்தால் ஊரிலுள்ள கொட்டகைகள் எல்லாம் தெரியும்; கொட்டகைக்குள் இருப்பது தெரியாது. ஆனால் ஊர் வாய்க்கு மூடி ஏது? "சுங்கம் கட்டாத வண்டியாம்" என்று ஒருவர் ஆரம்பித்து வைக்க, பேச்சு செஞ்சி வரைக்கும் போய்விடுகிறது. மறுநாள் காலையில் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கிறது.

"ஐயா, உங்க கொட்டகையில இருக்கிற காரைப் பார்க்கணும்."

"வாரண்டு இருக்குதுங்களா?"

"வண்டியைப் பார்க்கறதுக்கு எதுக்குங்க வாரண்டு?"

இந்த இருவரில் யார் சொல்வது சரி? நம்மில் பலர் போலீஸார் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறோம். இன்னும் சிலர், வாரண்டு இல்லாமல் யாரும் வாசற்படி மிதிக்க முடியாது என்று வீறாப்புப் பேசுகிறார்கள். இரண்டும் முழு உண்மையல்ல.

தெரு வேறு, கொட்டகை வேறு

முதலில் மோட்டார் வாகனச் சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் வருஷத்துச் சட்டம் அது. சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடமை "பொது இடத்தில்" வண்டி ஓட்டுகிறவருக்குத்தான். பொது இடம் என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்லியிருக்கிறது. பொது ஜனங்கள் உரிமையோடு போய்வரக்கூடிய ரோடு, தெரு, வழி, மற்ற இடம். பயணிகளை ஏற்றி இறக்கும் ஸ்டாண்டும் அதில் அடங்கும். ஆகவே பனமலைக் குன்றின் அடிவாரத்தில் கோயிலுக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிற இடம் பொது இடம். ஊர்ப் பொதுக் களமும் அப்படியே. கேட் போட்டு அடைத்த சொந்தக் கொட்டகை அப்படியல்ல.

அதற்காகக் கொட்டகைக்காரர் நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். ரிஜிஸ்டர் செய்யாத வண்டியைப் பொது இடத்தில் மட்டுமல்ல, "வேறு எந்த இடத்திலும்" ஓட்டக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. நிறுத்தி வைப்பது வேறு, ஓட்டுவது வேறு. சொந்தக் களத்தில் நாலு சுற்றுச் சுற்றினாலும் அது ஓட்டியதுதான்.

கொட்டகைக்குள் நுழையும் அதிகாரத்தை அந்தச் சட்டம் முக்கியமாக மோட்டார் வாகன இலாகா அதிகாரிகளுக்குத்தான் கொடுத்திருக்கிறது. அதற்கும் மூன்று கடிவாளங்கள் உண்டு. வாரண்டு இல்லாமல் சோதனை போடுவதானால் கெஜடெட் அந்தஸ்துள்ள அதிகாரிதான் போட வேண்டும். குற்றம் வெறும் அபராதத்துக்கு மட்டும் உரியதானால், சூரியன் அஸ்தமித்த பிறகும் உதயமாவதற்கு முன்பும் போடக் கூடாது. ஏன் வாரண்டு வாங்கவில்லை என்ற காரணத்தை அவர் எழுதி வைத்து, மேலதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும்.

விபத்து விஷயம் தனி. ஒரு வண்டி விபத்தில் சிக்கியிருந்தால், ராஜ்ய சர்க்கார் அதிகாரம் கொடுத்த நபர், நியாயமான நேரத்தில், வண்டி எங்கே இருந்தாலும் அந்த இடத்துக்குள் போய்ப் பார்க்கலாம். எடுத்துக் கொண்டும் போகலாம். ஆனால் எங்கே கொண்டு போகிறார் என்று சொல்ல வேண்டும். முறைகள் முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த 24 மணி நேர விதி நம் ஸ்டேஷன் வாசல்களில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை அங்கே மழையில் நனைந்து துருப்பிடித்து நிற்கும் வண்டிகளைப் பார்த்து வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

போலீஸாருக்கு அதிகாரமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது காரைப் பற்றிய அதிகாரமல்ல, குற்றத்தைப் பற்றிய அதிகாரம். கார் திருட்டு வண்டி என்றோ, அதன் ரிஜிஸ்டிரேஷன் புத்தகம் பொய்ப் பத்திரம் என்றோ வழக்குப் பதிவாகி விசாரணை நடந்தால், ஸ்டேஷன் பொறுப்பிலுள்ள அதிகாரியோ விசாரணை அதிகாரியோ வாரண்டு இல்லாமலும் சோதனை போடலாம். மாஜிஸ்திரேட்டிடம் போய் வருவதற்குள் பொருள் கை மாறிவிடும் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். அந்தக் காரணத்தையும், எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். "போய்ப் பார்ப்போம், எதாவது கிடைக்கும்" என்று கிளம்புவது சட்டப்படியான சோதனை ஆகாது.

1973-ஆம் வருஷத்துக் குற்ற நடைமுறைச் சட்டத்திலும் இந்த விதி இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்திருக்கிறது. சோதனை முழுவதையும் ஒலியோடும் படத்தோடும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஸெல்போனே போதும். எழுதிய காரணத்தின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பகுதியைச் சேர்ந்த கௌரவமான, எந்தப் பக்கமும் சேராத இரண்டு பேராவது சாட்சியாக நிற்க வேண்டும் என்பதும், எடுத்த பொருள்களின் பட்டியலில் ஒரு நகல் வீட்டுக்காரருக்குத் தர வேண்டும் என்பதும் பழைய விதிகள்தான். சட்டப்படி வந்தவர்களைத் தடுத்தால் கதவை உடைத்தும் உள்ளே போகலாம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

சுங்க அதிகாரி வந்தால்?

சீமைக் கார் விஷயத்தில் உண்மையான பலசாலி போலீஸ்காரர் அல்ல, சுங்க அதிகாரி. வெளிநாட்டுக் காருக்கு அதன் விலைக்குச் சமமாகவும், சில சமயம் அதற்கு மேலும் வரி கட்ட வேண்டிய நாடு இது. பழைய கார் கொண்டு வருவதென்றால் இன்னும் கஷ்டம். உற்பத்தியாகி 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். பம்பாய்த் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். இவ்வளவு வேலி போட்டால் வேலியில் ஓட்டை தேடுகிறவர்கள் கிளம்பத்தானே செய்வார்கள்?

1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டப்படி, பறிமுதலுக்குரிய பொருள் ஓர் இடத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், அந்த இலாகாவின் உதவிக் கமிஷனர் கோர்ட்டுக்குப் போகாமலே சோதனைக்கு உத்தரவு கொடுக்கலாம். போலீஸாருக்கு இந்தச் சட்டத்தில் என்ன வேலை? சுங்க அதிகாரிக்கு உதவி செய்ய வேண்டியது அவர்கள் கடமை என்று ஒரு பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். சுங்கம் கட்டவில்லை என்ற ஒரே சந்தேகத்துக்காக ஸப்-இன்ஸ்பெக்டர் தாமாகவே கொட்டகைக்குள் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பனமலைக்காரர் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான்.

காரணமில்லாமல் சோதனை போட்ட சுங்க அதிகாரிக்குத் தண்டனையும் உண்டு: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1962-ல் 1,000 ரூபாய் என்பது பெரிய தொகைதான்.

சென்னையில் ஒரு ஹம்மர்

தமிழ்நாட்டையே இந்த விஷயம் ஒரு காலைப் பொழுதில் உலுக்கியது. 2013 மார்ச் 19-ந் தேதி தி.மு.க. மத்திய சர்க்காருக்கு அளித்த ஆதரவை விலக்கிக் கொண்டது. 21-ந் தேதி காலையில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் சென்னையில் மு. க. ஸ்டாலின் வீட்டுக்குச் சோதனைக்கு வந்து நின்றார்கள். காரணம், இறக்குமதியான ஒரு ஹம்மர் கார். வழக்கு வீட்டுக்காரர் மீதல்ல. கார்களைத் தருவித்த ஒரு வியாபாரி மீதும், அவர் மீது நடவடிக்கை எடுக்காமல் இருந்ததாக வருவாய்ப் புலனாய்வு அதிகாரி ஒருவர் மீதும் பதிவானது. அன்றைக்கு நகரத்தில் இன்னும் பல இடங்களிலும் சோதனை நடந்தது.

டெல்லியில் ஒரே அமளி. இதில் சர்க்காருக்குச் சம்பந்தமில்லை என்றும், நடந்த நேரம் துரதிருஷ்டவசமானது என்றும் பிரதமர் மன்மோகன் சிங் சொன்னார். நிதி மந்திரி ப. சிதம்பரம் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். சட்டப் புத்தகத்தில் "நம்பக் காரணம்" என்று இரண்டே வார்த்தைகள்தான் இருக்கின்றன. அந்தக் காரணம் எந்தத் தேதியில் பிறக்கிறது என்பதுதான் ஜனங்களின் கண்ணுக்கு முதலில் படுகிறது. ஆதரவு விலகி இரண்டு நாள் கழித்து வராமல் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் இதே சோதனையைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுந்திருக்காது.

ஆனால் எல்லாச் சோதனையும் அரசியல் என்று தள்ளிவிடவும் முடியாது. 1994-ல் லண்டனிலிருந்து வந்த ஒரு லெக்சஸ் கார் விவகாரத்தில், புது வண்டியைப் பழைய வண்டி என்று காட்டிச் சுங்க வரி ஏய்த்ததாக எம். நடராஜன் முதலியோர் மீது வழக்கு நடந்தது. 2010-ல் கீழ்க் கோர்ட்டு இரண்டு வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. 2017-ல் சென்னை ஹைகோர்ட்டு அதை உறுதி செய்தது. கார் வந்த வருஷத்துக்கும் ஹைகோர்ட்டுத் தீர்ப்புக்கும் நடுவில் 23 வருஷம்!

பூடானிலிருந்து வந்த வண்டிகள்

அண்மையில் மலையாள தேசத்தில் நடந்ததைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 23-ந் தேதி கொச்சி சுங்க இலாகாவினர் "நும்கோர்" என்று பெயரிட்டு ஒரு பெரிய வேட்டை ஆரம்பித்தார்கள். நும்கோர் என்றால் பூடான் மொழியில் வாகனம் என்று பொருள். பூடானிலிருந்து கள்ளத்தனமாக வந்த உயர்ந்த ரகக் கார்கள், பொய்ப் பத்திரங்களின் பேரில் வடக்கே சில மாநிலங்களில் ரிஜிஸ்டராகிக் கேரளத்துக்கு வந்து விலை போயின என்பது இலாகாவின் குற்றச்சாட்டு. சினிமா நடிகர்கள் வீட்டு வாசலிலும் அதிகாரிகள் போய் நின்றார்கள். ஒரே நாளில் முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகளைக் கைப்பற்றினார்கள்.

நடிகர் துல்கர் சல்மான் தம்முடைய லாண்ட் ரோவர் டிபெண்டர் வண்டிக்காகக் கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார். முறையான பத்திரங்களைப் பார்த்து, நல்ல எண்ணத்தோடு வாங்கிய வண்டி என்பது அவர் வாதம். அக்டோபரில் ஹைகோர்ட்டு, வண்டியைத் தற்காலிகமாக விடுவிக்கக் கோரும் மனுவை இலாகா பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இந்த வழக்கில்தான் சாதாரண ஜனங்களுக்குச் சம்பந்தமுள்ள விஷயம் இருக்கிறது. முதல் ஆள் செய்த தில்லுமுல்லு நாலாவது கையாக வாங்கியவன் தலையில் வந்து விடிகிறது. பறிமுதல் என்பது பொருளின் மேல் பாய்கிற நடவடிக்கை. பொருள் யார் கையில் இருந்தாலும் அது பாயும். தங்கம், கைக்கடிகாரம் போன்ற சில பொருள்களுக்கு, கள்ளக் கடத்தல் அல்ல என்று காட்ட வேண்டிய பாரத்தைச் சட்டமே வைத்திருப்பவர் மேல் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் சேராத பொருளுக்கு இலாகாதான் நிரூபிக்க வேண்டும். கைப்பற்றி 6 மாதத்துக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். காரணம் எழுதி மேலும் 6 மாதம் நீட்டிக்கலாம். அதற்கும் தவறினால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். நடுவில் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்து வண்டியைத் தற்காலிகமாக மீட்டுக் கொள்ளவும் வழி உண்டு. ஆனால் தற்காலிகமாக மீட்டுக் கொண்டவருக்கு அந்த 6 மாதக் கெடு உதவாது. வக்கீலைக் கேட்காமல் அவசரப்பட வேண்டாம்.

செஞ்சிக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. திண்டிவனம் தாண்டினால் புதுச்சேரி. அங்கே வரி குறைவு என்று பொய் விலாசம் கொடுத்து உயர்ந்த ரகக் கார்களை ரிஜிஸ்டர் செய்ததாக 2017-ல் மலையாள நட்சத்திரங்கள் சிலர் மீது புகார் கிளம்பியது. வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, அல்லது சொந்தக்காரர் எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்பது சட்டம். கொட்டகையை எட்டிப் பார்க்க மோட்டார் இலாகாவுக்கு ஆசை வருவதற்கு இது ஒரு காரணம்.

கோர்ட்டுகள் என்ன சொல்கின்றன?

1954-ல் எம். பி. சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, சோதனை விஷயத்தில் அந்தரங்க உரிமை என்று ஒன்று நம் அரசியல் சட்டத்தில் இல்லை என்று கருதியது. 1962-ல் கரக் சிங் வழக்கில், போலீஸார் ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டிக் கண்காணிப்பது செல்லாது என்றது. 2017 ஆகஸ்டு 24-ந் தேதி புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்த்து, 1954-ஆம் வருஷத்துக் கருத்தைத் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் குடிமகனுக்குச் சாதகமில்லை. சோதனை முறை தவறியதாக இருந்தாலும், அதில் அகப்பட்ட பொருளைச் சாட்சியமாக எடுத்துக் கொள்ளலாம் என்று 1973 டிசம்பரில் பூரண் மல் வழக்கில் தீர்ப்பாயிற்று. அதிகாரி தப்பான வழியில் வந்தார் என்பதற்காகக் கள்ளக் கார் நல்ல கார் ஆகிவிடாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. வர்ஜீனியா ராஜ்யத்தில் ஒரு வீட்டு வளைவுக்குள் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மோட்டார் சைக்கிளை, போலீஸ்காரர் ஒருவர் வாரண்டு இல்லாமல் உள்ளே போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தார். அது திருட்டு வண்டிதான்! ஆனாலும் 2018-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 8 நீதிபதிகளுக்கு ஒருவர் எதிர் என்ற கணக்கில், ரோட்டில் நிற்கும் வண்டியை வாரண்டு இல்லாமல் சோதிக்கும் சலுகை வீட்டு வளைவுக்குள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

செஞ்சிக் கோட்டை 2025-ல் உலக பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டுப் பிரயாணிகளில் சிலர் தங்கள் ஊர் நம்பர் பலகையோடு சொந்த வண்டியிலேயே வருவது உண்டு. அவர்கள் வரி கட்டியிருக்க மாட்டார்கள், கட்ட வேண்டியதுமில்லை. குறித்த காலத்துக்குள் திருப்பிக் கொண்டு போவதாக உறுதி கூறும் "கார்னே" என்ற புத்தகம் அவர்களிடம் இருக்கும். அப்படி ஒரு வண்டி யாராவது வீட்டு வளைவுக்குள் நின்றால், அந்தப் புத்தகத்தில் நுழைந்த தேதி முத்திரை இருக்கும். கெடு தாண்டியிருந்தால் சொல்ல வேண்டிய இடம் சுங்க இலாகா.